கப்கேக் மேல் கிரீம் சுருள் நிற்கவில்லை, தவறு எங்கே?

கேள்வி (மதுரையிலிருந்து):
வணக்கம். அடுத்த வாரம் என் மகளின் ஆறாவது பிறந்தநாளுக்கு 24 கப்கேக்குகளை வீட்டிலேயே செய்ய எண்ணியிருக்கிறேன். கேக் நன்றாக உப்பி வருகிறது, அலங்காரத்தில்தான் தடுமாறுகிறேன். நேற்று ஒத்திகையாக 100 கிராம் வெண்ணெய்க்கு 200 கிராம் ஐசிங் சர்க்கரை சேர்த்து அடித்து, பைப்பிங் பையில் இட்டுப் பிழிந்தேன். முதல் இரண்டு சுருள்கள் அழகாக அமைந்தன. ஐந்தாவது கப்கேக்குக்கு வருவதற்குள் கிரீம் தளர்ந்து, வரிகள் மழுங்கி, ஓரமாக வழியத் தொடங்கிவிட்டது. கை பழகாததுதான் காரணமா, அளவில் தவறா? என்னிடம் இருப்பது 1எம் நாசில் (பையின் நுனியில் பொருத்தும் நட்சத்திர வடிவ முனை) ஒன்றுதான்.

மறுமொழி 1:
முதல் இரண்டு சுருள்கள் சரியாக வந்திருப்பதால் உங்கள் கையிலும் குறையில்லை, அளவிலும் குறையில்லை, வெப்பம்தான் காரணம். வெண்ணெய் 32 பாகை செல்சியஸை ஒட்டி உருகிவிடும். மதுரைக் கோடையில் சமையலறையே அதைத் தாண்டிவிடும், போதாததற்குப் பையைப் பற்றியிருக்கும் உள்ளங்கையின் சூடும் சேர்ந்துகொள்கிறது. வெண்ணெயை விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், ஆனால் விரலில் எண்ணெய்ப் பளபளப்பு ஒட்டக் கூடாது. அடிப்பதற்கு அதுவே பதம். பையில் பாதிக்கு மேல் நிரப்பாமல், மீதிக் கிரீமைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருங்கள். பை தளர்வதை உணர்ந்தவுடன் அதையும் பத்து நிமிடம் உள்ளே வைத்து எடுங்கள். கேக்கின் அடிப்பகுதியில் சிறிது வெதுவெதுப்பு இருந்தாலும் எந்தக் கிரீமும் நிற்காது என்பதால், முழுவதும் ஆறிய பிறகே தொடங்குங்கள். நிறம் சேர்ப்பதானால் நீர்மமாக உள்ளதைத் தவிர்த்து, ஜெல் நிறத்தைப் பல்குத்தும் குச்சியின் நுனியால் தொட்டுச் சேருங்கள். சில மணி நேரத்தில் நிறம் தானே அடர்ந்துவிடும்.

மறுமொழி 2:
சகோதரி, அந்த 1எம் நாசில் ஒன்றே உங்களுக்குப் போதும். வெளி ஓரத்தில் தொடங்கி உள்நோக்கிச் சுற்றி ஏறினால் சுருள். நடுவில் தொடங்கி வெளிநோக்கி ஒரே சுற்றுச் சுற்றினால் ரோஜா. பையைச் செங்குத்தாகப் பிடித்து, வலக்கையால் அழுத்துங்கள். இடக்கை வழிகாட்டினால் போதும். தொடக்கநிலையில் பலரும் அழுத்திக்கொண்டே பையைத் தூக்குவதால் உச்சியில் வால் நீண்டுவிடுகிறது. அழுத்துவதை முதலில் நிறுத்தி, அதன் பிறகு தூக்க வேண்டும். ஒரு எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து அதன் முதுகில் பத்துச் சுருள்கள் பிழிந்து பாருங்கள். கிரீமை வழித்து மீண்டும் பையிலேயே போட்டுக்கொள்ளலாம், ஒரு துளியும் வீணாகாது.

மறுமொழி 3:
இருபத்து நான்குக்கும் சுருள் பிழிய வேண்டும் என்று ஏன் கட்டாயப்படுத்திக்கொள்கிறீர்கள்? பாதிக்கு கனாஷ் (சாக்லேட்டும் கிரீமும் கலந்த பூச்சு) போதும் என்பது என் கருத்து. 100 கிராம் ஃபிரெஷ் கிரீமைக் கொதி வருமுன் இறக்கி, நறுக்கிய 100 கிராம் டார்க் சாக்லேட்டின் மேல் ஊற்றி, இரண்டு நிமிடம் விட்டுக் கலக்குங்கள். இளஞ்சூட்டில் இருக்கும்போது கப்கேக்கைத் தலைகீழாகத் தோய்த்து, ஒரு திருகு திருகித் தூக்கினால், மேற்பரப்பு கண்ணாடிபோல் வழவழப்பாக அமையும். உறைவதற்குள் வண்ணத் தூவல்களையோ ஜெம்ஸ் மிட்டாயையோ பதித்துவிடுங்கள். பச்சை நிறம் பிசறிய உலர் தேங்காய்த் துருவலை மேலே தூவினால் புல்தரை தயார். அதில் பைப்பிங் பையே தேவையில்லை.

கேட்டவர்:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று விடியற்காலை ஐந்து மணிக்கே தொடங்கி 12 சுருள்கள் பிழிந்தேன், ஒன்றுகூடச் சரியவில்லை. ஆனால் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் மேலே நீர்த்துளிகள் அரும்பி, தூவல்களின் சாயம் கிரீமில் இறங்கிவிட்டது.

மறுமொழி 1:
குளிர்ந்த கிரீமின் மேல் காற்றின் ஈரம் படிவதால்தான் அவ்வாறு ஆகிறது. மூடிய பெட்டியில் வைத்து, வெளியே எடுத்த பிறகும் பதினைந்து நிமிடம் மூடியைத் திறக்காதீர்கள். துளிகள் பெட்டியின் வெளிப்புறத்திலேயே படியும். சுருள்களுக்கு மட்டும் தூவலைப் பரிமாறும் நேரத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.