கைக்குழந்தையும் கரியடுப்பும்: டெக்சாஸ் பனியில் நான்கு நாட்கள்

திருவட்டாறு, ஓய்வு பெற்ற ஆசிரியை:

காலையில் தேங்காய் எண்ணெய்ப் போத்தல் வெளுத்து உறைந்திருந்தால் "இன்று நல்ல குளிர்" என்று சொல்லிக்கொள்ளும் ஊர் நம்முடையது. 24 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே எண்ணெய் உறையத் தொடங்கிவிடும். அந்த அளவுகோலோடுதான் 2020 டிசம்பரில் மகளின் பேறுகாலம் பார்க்க அமெரிக்கா போனேன். டெக்சாஸ் மாநிலம், டாலஸ் நகரத்துக்குப் பக்கத்தில் வீடு. "அங்கே வெயில்தான் மாமி, பயப்படாதீர்கள்" என்று மருமகன் சொல்லியிருந்தார்.

பேரன் பிறந்து மூன்று வாரம். 2021 பிப்ரவரி 14, ஞாயிற்றுக்கிழமை வெண்பனி கொட்டியது. ஆசை ஆசையாகப் படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினோம். மறுநாள் விடியற்காலையில் மின்சாரம் நின்றது. வீட்டைச் சூடாக்கும் இயந்திரமும் அதோடு நின்றது. செவ்வாய்க்கிழமை காலை வெளியே மைனஸ் 19 டிகிரி. அந்த மாநிலத்தில் 45 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் இருளில் கிடந்தன என்று பிறகு படித்தேன். அங்குள்ள மின் நிலையங்களும் எரிவாயுக் குழாய்களும் அப்படிப்பட்ட குளிருக்காகக் கட்டப்பட்டவை அல்ல. அண்டை மாநிலங்களோடு மின் இணைப்பும் மிகக் குறைவு. கடனாகக்கூட வாங்க வழியில்லை.

ஒக்கிப் புயலின்போது, 2017 நவம்பர் 30 தொடங்கி, எங்கள் தெருவில் ஒன்பது நாள் மின்சாரம் இல்லை. ரப்பர் மரங்கள் குறுக்கே விழுந்து வழியும் இல்லை. அந்தப் பழக்கத்தில் நான் துணிச்சலாகத்தான் இருந்தேன். இருக்கிற பாத்திரத்திலெல்லாம் தண்ணீர் பிடித்து வைத்தேன். கெடக்கூடிய உணவை முதலில் செலவழித்தேன். ஆனால் ஒக்கியில் கதவையும் சன்னலையும் திறந்து போட்டுப் படுத்தோம். இங்கே ஒரு விரல் இடுக்கு விடாமல் துணி திணித்து அடைத்தோம். அந்த வித்தியாசத்தின் பொருள் அப்போது எனக்குப் புரியவில்லை.

வீட்டின் பின்புறம் இறைச்சி சுடும் கரியடுப்பு ஒன்று இருந்தது. என் அம்மா பேறுகால அறையில் மண்சட்டியில் சிரட்டைக் கனல் போட்டுத் தாயையும் பிள்ளையையும் கதகதப்பாக வைத்தவர். திங்கள் இரவு நான்தான் மருமகனிடம், "கரியைப் பற்றவைத்து அறைக்குள் கொண்டுவாருங்கள்" என்றேன். அவரும் பற்றவைத்துவிட்டார். பக்கத்து வீட்டு அமெரிக்க அம்மாள் வேலிக்கு மேலே அதைப் பார்த்துவிட்டுப் பனியில் ஓடிவந்து தடுத்தார். நான் கைகூப்பியதுகூட அவருக்குப் புரிந்ததோ என்னவோ.

கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, நிறமில்லை. கண் எரியாது, இருமலும் வராது. இரத்தத்தில் ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். தலை வலிக்கும், குமட்டும், தூக்கம் வரும். குளிரில் களைத்துக் கிடப்பவர்களுக்குத் தூக்கம் வந்தால் யார் சந்தேகப்படுவார்கள்? அந்த வாரம் டெக்சாஸில் நூற்றுக்கணக்கானோர் இதனால் மருத்துவமனைக்குப் போனார்கள். கதகதப்புக்காகக் கார் கொட்டகையை மூடிக்கொண்டு காரை ஓடவிட்டவர்களில் சிலர் இறந்தும் போனார்கள். என் அம்மாவின் அறைக்கு ஓட்டுக்கூரை இருந்தது; அந்த நச்சுக்காற்று ஓட்டு இடுக்கு வழியே போயிருக்கிறது. கனல் நல்லது என்று நாங்கள் நினைத்திருந்தோம், காப்பாற்றியது கூரை.

பிறகு என்ன செய்தோம் என்பதையும் எழுதுகிறேன். சன்னலே இல்லாத துணி அறைக்குள் மெத்தையைப் போட்டு நான்கு பேரும் படுத்தோம். பிள்ளையின் மேல் போர்வைகளைக் குவிக்கவில்லை, மூக்கை மூடிவிடும். மகள் தன் வெறும் மார்போடு அணைத்துக்கொண்டாள். இருவரையும் சேர்த்துச் சால்வையால் சுற்றினேன். இரவு முழுவதும் நானும் மருமகனும் முறைவைத்து விழித்திருந்தோம். அடுப்பு எரிவாயு அடுப்புதான். பொத்தானை அழுத்தினால் பற்றாது என்பதால் அது வேலை செய்யாது என்றே மருமகன் நினைத்திருந்தார். தீக்குச்சியால் பற்றவைத்தேன். சமைக்கும் நேரம் மட்டும், சன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு. வெந்நீரைப் போத்தலில் அடைத்துத் துண்டு சுற்றிக் காலடியில் வைத்துக்கொண்டோம். பாலைப் பனிக்குள் புதைத்து வைத்தோம்.

தண்ணீர்க் குழாயைப் பற்றி யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. உறையும்போது தண்ணீர் ஏறக்குறைய 9 சதவீதம் விரியும், குழாய் பிளந்துவிடும். குழாயை மெலிதாக ஒழுகவிட்டிருக்க வேண்டும். எங்கள் மச்சில் குழாய் வெடித்துக் கூடத்தின் கூரை இடிந்து விழுந்தது. கழிப்பறைக்கு ஊற்றப் பனியை வாளியில் அள்ளி உருக்கினோம். ஒரு வாளிப் பனிக்கு ஒரு செம்புத் தண்ணீர்தான் மிஞ்சியது. வியாழக்கிழமை மின்சாரம் வந்தது.

தக்கலை, முன்னாள் ராணுவ வீரர்:

டீச்சர், அந்த அமெரிக்க அம்மாளுக்கு என் வணக்கம். லடாக்கில் எங்கள் கூடாரத்தில் புகாரி என்னும் இரும்பு அடுப்பு எரியும். புகை வெளியே போக மேலே குழாய் உண்டு. அந்தக் குழாய் வாயைப் பனி அடைத்துக்கொண்டால் முடிந்தது கதை. தூங்கும் முன் அடுப்பை அணைத்தாக வேண்டும், எவ்வளவு குளிரானாலும் சரி. அணைத்தாயிற்றா என்று காவலுக்கு நிற்பவன் கூடாரம் கூடாரமாகப் போய்ப் பார்ப்பான். நான் சேர்ந்த புதிதில், இந்தக் குளிரில் அணைக்கச் சொல்கிறார்களே என்று மனதுக்குள் திட்டியிருக்கிறேன். ஒரு காலை பக்கத்து முகாமில் இரண்டு பேர் எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு திட்டியதில்லை.

மற்றவை பழகிவிடும். முட்டை கல்லாகிவிடும், டீசல் கட்டியாகும், வெறுங்கையால் இரும்பைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். பருத்திக் காலுறை வியர்வையில் நனைந்தால் காயவே காயாது; கம்பளிக் காலுறையை மாற்றிய பிறகுதான் படுக்கை. டார்ச் பேட்டரியை உடம்போடு ஒட்டிய சட்டைப் பைக்குள் வைத்திருப்போம்.

நம் ஊருக்கும் ஒன்று சொல்லவேண்டும். ஒக்கிக்குப் பிறகு நிறைய வீடுகளில் ஜெனரேட்டர் வாங்கிவிட்டார்கள். மழைக்குப் பயந்து அதை வராந்தாவிலும் கார் ஷெட்டிலும் வைத்து ஓட்டுகிறார்கள். அதே காற்றுதான் அதிலிருந்தும் வருகிறது. தயவுசெய்து வெளியே, சன்னலை விட்டுத் தள்ளி வையுங்கள்.

கருங்கல், அயர்லாந்தில் செவிலியர்:

2018 மார்ச் தொடக்கத்தில் இங்கே பெரிய பனிப்புயல். கடைகளில் முதலில் தீர்ந்தது ரொட்டி. பணி மாற்ற ஆள் வர முடியாததால் இரண்டு இரவு மருத்துவமனையிலேயே படுத்தோம். அடிபட்டு வந்தவர்களில் நான் பார்த்த பலர், பனி நின்ற மறுநாள் வழுக்கி மணிக்கட்டு முறிந்தவர்கள். உருகியது இரவில் மறுபடி உறைந்து கண்ணாடிபோல் கிடக்கும், கண்ணுக்கே தெரியாது. வயல் வரப்பில் நடப்பதுபோல் சிறு அடி வைத்து, பாதம் முழுவதும் பதித்து நடக்க வேண்டும். கையைச் சட்டைப் பையில் விடக்கூடாது.

டீச்சர், பிள்ளையை எத்தனை நாள் குளிப்பாட்டாமல் வைத்திருந்தீர்கள்?

திருவட்டாறு, ஓய்வு பெற்ற ஆசிரியை:

ஐந்து நாள், மகளே. ஈரத்துணியால் துடைத்ததோடு சரி. வெள்ளிக்கிழமை வீடு நன்றாகச் சூடேறிய பிறகுதான் குளிப்பாட்டினேன். ஊரிலிருந்து கொண்டுபோன தேங்காய் எண்ணெய் போத்தலுக்குள் கல்லாக இருந்தது. வெந்நீரில் நிறுத்தி உருக்கி, உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கிப் பூசினேன். சாம்பிராணி போடவில்லை. ஊருக்கு வந்த பிறகும் பிள்ளை அறைக்குள் கனல் கொண்டுவர விட்டதில்லை.

தக்கலை சார், ஜெனரேட்டர் விஷயத்தை எங்கள் தெருவில் இன்றே சொல்கிறேன். மூன்று வீடுகளில் வராந்தாவில்தான் இருக்கிறது.