புதுப்பிப்பு: அப்பாவின் விடாத காய்ச்சல், விடை அக்குளில் இருந்தது

அப்பாவுக்கு ஆறு நாளாகக் காய்ச்சலும் தலைவலியும், டெங்கு, மலேரியா இரண்டும் இல்லை, வேறு என்னவாக இருக்கும் என்று இரண்டு வாரம் முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. வந்தது உண்ணிக் காய்ச்சல் (ஸ்கரப் டைபஸ்), சிற்றுண்ணி கடித்துப் பரவும் பாக்டீரியா நோய்.

"சட்டையைக் கழற்றச் சொல்லி அக்குள், தொடை இடுக்கு, இடுப்புப் பட்டை அழுத்தும் இடம் எல்லாம் பாருங்கள்" என்று ஒருவர் எழுதியிருந்தாரே, அதுதான் கைகொடுத்தது. வலது அக்குளின் மடிப்பில் மிளகைவிடச் சற்றுப் பெரிய கறுப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவந்த விளிம்பு. சிகரெட்டால் சுட்டதுபோல இருந்தது. அதுதான் கடித்த இடம். வலியும் இல்லை, அரிப்பும் இல்லை. அதனால் அப்பாவுக்கே தெரியவில்லை. பக்கத்தில் ஒரு நெறி கட்டியிருந்தது.

நான் அதுவரை வளையம் வளையமான சிவப்புத் தடிப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். அது லைம் நோய் என்ற வேறொரு உண்ணிக்கடி நோயின் அடையாளமாம், வேறு கதை.

மருத்துவர் பொருக்கைப் பார்த்ததுமே டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் மருந்தைத் தொடங்கிவிட்டார். இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கியது. எதிர்பாராதது, முதல் ஐஜிஎம் பரிசோதனை (கிருமிக்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் ரத்தப் பரிசோதனை) 'இல்லை' என்றே வந்தது! முதல் வாரத்தில் அப்படி வரலாம், முடிவுக்காக மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது என்றார். மறுவாரம் எடுத்ததில் 'உண்டு'.

அப்புறம், "எப்போது கடித்தது?" என்று அப்பாவைக் குடைந்ததெல்லாம் வீண். கடிப்பது நாய் உண்ணி இல்லை; கண்ணுக்கு எளிதில் படாத சிற்றுண்ணியின் இளம்புழு.