ஒரே மாதிரி ஒலிக்கும் ஆங்கிலச் சொற்கள்: வாயிலா எழுத்திலா, எங்கே சறுக்குகிறது?

கேள்வி: ஆங்கிலம் படித்துத்தான் வந்திருக்கிறோம். ஆனாலும் போனில் பேசினால் "என்ன, என்ன?" என்கிறார்கள். மின்னஞ்சலிலும் சொல் மாறிப்போகிறது. எதிலிருந்து தொடங்கலாம்?

பதில் 1: முதலில் இரண்டையும் பிரித்துக்கொள்ளுங்கள். வாய்த் தடுமாற்றம் வேறு, எழுத்துத் தடுமாற்றம் வேறு.

வாயில் மிக ஆபத்தானது 'கேன்'. அமெரிக்கர்கள் "முடியும்" என்பதை 'கன்' என்று விழுங்கிவிட்டு அடுத்த வினைச்சொல்லை அழுத்துவார்கள். "முடியாது" என்னும்போதுதான் 'கேன்ட்' முழுதாக வரும். கடைசி 'ட்' பெரும்பாலும் காதில் விழாது. நாம் 'ஐ கேன் கம்' என்று கேனை அழுத்தினால், வரமாட்டோம் என்று புரிந்துகொள்வார்கள். மறுக்கும்போது 'கேனாட்' என்று முழுதாகச் சொல்லிவிடுங்கள். பிரிட்டனில் 'கான்ட்' என நெடில் வருவதால் தொல்லை குறைவு.

அடுத்தது பகரம். பல், அம்பு இரண்டிலும் எழுத்து ஒன்றுதான், ஒலி வேறு. இடத்தைப் பார்த்து உதடு தானாக மாற்றிக்கொள்கிறது. ஆங்கிலத்தில் இடம் ஒன்றாகவே இருக்க, ஒலி மாறினால் பொருளும் மாறும். பேரிக்காயும் கரடியும் நம் எழுத்தில் 'பேர்'தான். வாய்க்கு நேராக ஒரு மெல்லிய தாளைப் பிடியுங்கள்: பேரிக்காய்க்குத் தாள் ஆட வேண்டும், கரடிக்கு அசையக் கூடாது.

சொல்லின் கடைசியில் இந்தச் சோதனை உதவாது. அங்கே உயிரொலியின் நீளம்தான் அடையாளம். முதுகைக் குறிக்கும் 'பேக்' சட்டென்று வெட்டும். பையைக் குறிக்கும் 'பேக்' கொஞ்சம் இழுக்கும். விலையும் பரிசும் (இரண்டும் 'பிரைஸ்') இதே கணக்கு.

'வைன்' என்றால் திராட்சைக்கொடியா, மதுவா? தமிழில் எழுதிக் காட்டவே வழியில்லை, சிக்கலே அதுதான்! கொடிக்கு மேற்பல் கீழுதட்டைத் தொட வேண்டும். மதுவுக்கு உதடு குவிய வேண்டும், பல் படக் கூடாது.

பதில் 2: எழுத்துப் பிழைக்குப் பிழைதிருத்தியை மட்டும் நம்பாதீர்கள். இரண்டுமே சரியான சொற்கள் என்பதால் பல நேரம் விட்டுவிடும்.

'பிரின்சிபல்': 'பிஏஎல்' என்று முடிந்தால் கடனின் அசல், பள்ளி முதல்வர், 'பிஎல்இ' என்றால் கொள்கை. 'வேவ்': நடுவில் 'ஐ' இருந்தால் கட்டணத்தை விட்டுக்கொடுப்பது, இல்லையென்றால் கையசைப்பது. தாமதக் கட்டணத்துக்கு எழுதும்போது கவனம். 'லூஸ்': இழப்பதற்கு ஒரு 'ஓ', தளர்வுக்கு இரண்டு. 'அட்வைஸ்': 'சி' போட்டால் பெயர்ச்சொல், 'எஸ்' போட்டால் வினை. 'பிராக்டிஸ்' பிரிட்டனில் இதே விதி. அமெரிக்காவில் இரண்டுக்கும் 'சி'.

பதில் 3: 'தர்ட்டீன்', 'தர்ட்டி' விட்டுப்போயிற்று. அழுத்தத்தை வைத்துப் பிரிக்கச் சொல்வார்கள், ஆனால் பின்னால் ஒரு பெயர்ச்சொல் வந்தால் அழுத்தம் முன்னால் நகர்ந்துவிடும். போனில் 'ஒன் த்ரீ', 'த்ரீ ஸீரோ' என்று இலக்கமாகவே சொல்லுங்கள்.

பெயரை எழுத்துக்கூட்டும்போதும் அப்படித்தான்: பி என்றால் 'பாப்பா'வா 'பிராவோ'வா, டி என்றால் 'டெல்டா'வா 'டாங்கோ'வா என்று சேர்த்துச் சொல்லவும். ஒவ்வொரு ஆங்கில எழுத்துக்கும் இப்படி ஓர் அடையாளச் சொல் உண்டு, அந்த 26 சொற்களும் வேண்டாம். உங்கள் பெயரில் உள்ள எழுத்துகளுக்கு மட்டும் எழுதிப் போன் பக்கத்தில் ஒட்டிவைத்தால் போதும்.