நெட்வொர்க் சுவிட்சுக்கு ‘நிலைமாற்றி’ வேண்டாம், ‘சேர்ப்பி’ சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

2001-இல் வந்த முதல் எக்ஸ்பாக்ஸ் கேம் பெட்டியை வைத்துக் கூட்டமாக ஹேலோ என்ற சுடும் விளையாட்டை ஆடுவது எப்படி என்று ஒரு செய்முறைக் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு பெட்டிக்கு நான்கு கன்ட்ரோலர், ஓர் ஆட்டத்துக்கு நான்கு பெட்டி, ஆக 16 பேர். இணையம் வேண்டாம். பெட்டிகளை ஈதர்நெட் கேபிளால் கோத்துவிட்டால் அவையே ஒன்றையொன்று தேடிக்கொள்ளும். கோக்கிற கருவியின் பெயரில்தான் சிக்கிக்கொண்டேன்.

ரவுட்டருக்குத் ‘திசைவி’ நிலைத்துவிட்டது. அதில் கைவைக்க வேண்டாம். சுவிட்சுக்கு வழக்கம்போல ‘நிலைமாற்றி’ என்று எழுதினேன். தம்பி மகன் படித்துவிட்டு, “பெரியப்பா, கேம் தொடங்கும்போது இதை யாரு ஆன் பண்ணணும்?” என்று கேட்டான்.

அவன்மேல் தப்பில்லை. விளக்கு சுவிட்சுக்கு இரண்டு நிலை உண்டு. இந்தப் பெட்டியில் நாம் மாற்ற ஒரு நிலையும் கிடையாது. வருகிற பொட்டலங்களின் (துண்டு துண்டாக வரும் தகவலின்) அனுப்புநர் முகவரியைப் பார்த்துப் பார்த்தே எந்த போர்ட்டில் (கேபிள் செருகும் துளையில்) யார் இருக்கிறார் என்று அது கற்றுக்கொள்கிறது. அப்புறம் உரியவரின் போர்ட்டுக்கு மட்டும் பொட்டலத்தைத் தள்ளுகிறது. தெருவைத் தெரிந்த தபால்காரர் மாதிரி. இதே கோக்கும் வேலைக்கு முன்பு இருந்த பழைய ஹப் தண்டோராக்காரர்: ஒருவருக்குச் சொல்ல வேண்டியதை ஊருக்கே சொல்வார். இரண்டு பெட்டிகள் ஒரே நேரத்தில் பேசினால் மோதல், இரண்டும் திரும்பச் சொல்ல வேண்டும்.

நான்கு பெட்டிக்கு ஹப்பே போதும், பொய் சொல்வானேன். ஒரே கூடத்தில் 12 பெட்டிகளை வைத்து மூன்று ஆட்டம் நடத்தும்போதுதான், மூன்று ஆட்டத்தின் பேச்சும் எல்லாப் பெட்டிகளின் காதிலும் விழுகிறது. ஹப்பை விட்டுவிட்டு இதை ஏன் வாங்க வேண்டும் என்பது பெயரிலேயே தெரிந்தால் நல்லது. அதனால் ஹப் ‘பரப்பி’, சுவிட்ச் ‘சேர்ப்பி’ என்று முன்வைக்கிறேன். உங்கள் கருத்து?

* * *

வணக்கம் ஐயா. யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன்.

எங்கள் பக்கம் மின்விளக்கு சுவிட்ச் ‘ஆளி’. அதையே இதற்கும் வைத்தால் உங்கள் பெறாமகனின் கேள்வி இங்கேயும் வரும். ஆகவே புதுச்சொல் தேவை என்பதில் உடன்பாடு.

ஆனால் சுவிட்சும் பரப்புகிறதே? முகவரி தெரியாத பொட்டலத்தை அது எல்லா போர்ட்டுக்கும் அனுப்பிவிடும். எக்ஸ்பாக்ஸ் முதலில் “இங்கே ஆட்டம் நடக்கிறதா?” என்று கூப்பிடுவதும் எல்லோருக்குமான அழைப்புத்தான். சுவிட்ச் அதைப் பரப்பாவிட்டால் ஆட்டமே திரையில் தெரியாது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நண்பர்கள் கூடிய ஒரு மண்டபத்தில், தரையில் கிடந்த கேபிள் நுனியை யாரோ நல்லெண்ணத்தில் காலியான போர்ட்டில் செருகிவிட்டார். அதன் மறுநுனி ஏற்கெனவே அதே சுவிட்சில்தான் இருந்தது. ஒரு நொடிக்குள் எல்லா விளக்குகளும் ஒன்றுபோலத் துடித்தன, எல்லாத் திரைகளிலும் ஆட்டம் உறைந்தது. ஒரே அழைப்பு வட்டமடித்துப் பெருகிக்கொண்டே இருந்திருக்கிறது. மலிவான சுவிட்சுக்கு அதைத் தடுக்கத் தெரியாது. கேபிளைப் பிடுங்கியதும் அடங்கியது. அன்றைக்கு அந்தப் பெட்டியைப் பார்த்துச் ‘சேர்ப்பி’ என்று சொல்ல எனக்கு மனம் வந்திராது!

இன்னொன்று: ‘கடிதத்தைச் சேர்ப்பி’ என்ற ஏவல் மாதிரியும் கேட்கிறது.

* * *

நன்றி. உங்கள் மண்டபக் கதையில் ‘பரப்பி’ செத்துவிட்டது. பரப்புவது இருவருக்கும் பொதுவான வேலை என்றால் அதை ஹப்புக்கு மட்டும் பட்டமாகக் கொடுக்க முடியாது. ஹப் பழைய ‘குவியம்’ ஆகவே இருக்கட்டும், இனி யார் வாங்கப்போகிறார்கள்?

‘சேர்ப்பி’யை விட மனமில்லை. புதிதாக வந்த தபால்காரரும் வீடு தெரியாவிட்டால் தெருவில் நான்கு பேரைக் கேட்பார்; அதற்காக அவர் தண்டோராக்காரர் ஆகிவிடுவதில்லை. தெரிந்தபின் சரியான வாசலுக்குப் போவதுதான் அவர் தொழில். ஏவல் போல ஒலிப்பது உண்மை. ஆனால் வேற்றுமை உருபு ஏறினால் குழப்பம் போய்விடுகிறது. குறிப்பில் எழுதிப் பார்த்தேன்:

“எட்டு போர்ட் சேர்ப்பிகள் இரண்டை வாங்கினால் 16 பெட்டிகளைச் செருக முடியாது, 14 தான். இரண்டையும் கோக்க ஒவ்வொன்றிலும் ஒரு போர்ட் போய்விடும். ஒரே கேபிளின் இரு நுனிகளையும் ஒரே சேர்ப்பியில் செருகாதீர்கள். கூடத்தை நடுவில் திசைவி வைத்துப் பிரிக்காதீர்கள். ஆட்டத்தைத் தேடும் அழைப்பு திசைவியைத் தாண்டாது.”

திசைவியும் சேர்ப்பியும் வேறு என்பது கடைசி வரியில் தானாக விழுகிறது. ‘நிலைமாற்றி’யைப் போட்டு அதே வரிகளை வாசித்துப் பாருங்கள், வாய்க்கு ஒட்டவில்லை. ஒரு சிக்கல் மட்டும் இருக்கிறது: வீட்டில் ரவுட்டர் என்று நாம் சொல்லும் பெட்டிக்குப் பின்னால் வரிசையாக உள்ள லேன் போர்ட்டுகள் உள்ளே ஒரு சேர்ப்பிதான். ‘திசைவிக்குள் ஒரு சேர்ப்பி’ என்று எழுத வேண்டியிருக்கும். எழுதிவிடலாம்.

‘போர்ட்’டுக்குத் தமிழ் எங்கே என்று யாரும் கிளம்ப வேண்டாம், அந்தச் சண்டை இன்னொரு நாளைக்கு.

திருத்திய குறிப்பைத் தம்பி மகனிடம் கொடுத்தேன். சேர்ப்பியைப் பற்றிக் கேள்வியே இல்லை. “பொட்டலம்னா மிக்ஸ்சரா பெரியப்பா?” என்கிறான். அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.