பிளெஸ்க்: கன்டெய்னரை மறுபடி உருவாக்கியதும் 502, டேட்டாபேஸும் காலி

மன்னை_நிரல்:
மன்னார்குடியில் ஒரு உரக்கடையின் பில்லிங் செயலி. 2 ஜிபி விபிஎஸ் (வாடகை மெய்நிகர் சர்வர்), சர்வரை நிர்வகிக்கும் பிளெஸ்க் பேனலின் டாக்கர் எக்ஸ்டென்ஷன் (மென்பொருளைக் கன்டெய்னர் என்னும் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டுவது). ஒரு கன்டெய்னரில் செயலியை ஓட்டும் நோட், இன்னொன்றில் மைஎஸ்க்யூஎல் 8.0 டேட்டாபேஸ். என்விரான்மென்ட் வேரியபிள் மாற்றி இரண்டையும் மறுபடி உருவாக்கியதும் தளத்தில் 502 பிழை (பின்னாலுள்ள செயலியிடமிருந்து சரியான பதில் இல்லை), டேட்டாபேஸில் ஒரு டேபிள்கூட இல்லை. வால்யூம் மேப்பிங் (டேட்டாவைக் கன்டெய்னருக்கு வெளியே சர்வர் ஃபோல்டரில் வைப்பது) கொடுக்கவில்லை. சம்பா அடியுரத்துக்குக் கூட்டம் நிற்கிறது, கடையில் கையால் பில் எழுதுகிறார்கள். எங்கே தேடுவது?

வெண்ணாறு:
முதல்ல, ப்ரூன் (பயன்படாததை அழிக்கிற டாக்கர் கட்டளை) பக்கமே போயிடாதீங்க. மேப்பிங் இல்லேன்னா மைஎஸ்க்யூஎல் இமேஜ் (கன்டெய்னரை உருவாக்குற அச்சு) பேரில்லாத ஒரு வால்யூம்லதான் எழுதும். கன்டெய்னர் போனாலும் அது டிஸ்க்ல கிடக்க வாய்ப்பிருக்கு. ரூட்டா நுழைஞ்சு /வார்/லிப்/டாக்கர்/வால்யூம்ஸ் பாருங்க. 64 எழுத்துல நீளநீளமா ஃபோல்டர் பேர் இருக்கும். மைஎஸ்க்யூஎல்லோட ஐபிடேட்டா1 கோப்பு புது வால்யூம்லயும் இருக்கும், அதை நம்பாதீங்க. உங்க டேட்டாபேஸ் பேர்ல உள்ளே ஃபோல்டர் இருக்கிறதுதான் பழசு.

கன்டெய்னரை நிறுத்திட்டு, ஃபைல் உரிமை மாறாம வேற இடத்துக்கு நகலெடுங்க. நகலை /வார்/லிப்/மைஎஸ்க்யூஎல்-க்கு மேப் பண்ணுங்க. டேக் (இமேஜோட பதிப்புக் குறி) 8.0-வே இருக்கட்டும். லேட்டஸ்ட் போட்டு, புதுப் பதிப்பு அதைத் திறந்து மாத்திட்டா அந்த நகல் 8.0-க்கு ஆகாது. ரூட் பாஸ்வேர்டும் பழசுதான் செல்லும். டேட்டா ஏற்கெனவே இருந்தா வேரியபிள்ல கொடுக்கிறதை இமேஜ் கண்டுக்காது.

குடந்தை_சர்வர்:
502-க்கு போர்ட்டைப் பாருங்க. தானியங்கி மேப்பிங்ல ஏதோ ஒரு பெரிய நம்பர் விழும், மறுபடி உருவாக்கினா அது மாறிடும். ஆஃப் பண்ணி 3000-க்கு 3000-னு கையால கொடுத்து, டொமைன்ல டாக்கர் ப்ராக்ஸி ரூல்ஸை (தளத்துக்கு வர்றதை கன்டெய்னர் போர்ட்டுக்கு அனுப்புற விதி) திரும்பச் சேருங்க. அப்பவும் 502-ன்னா கன்டெய்னர் லாக். டேட்டாபேஸ் கிடைக்காம நோட் செத்திருக்கும், இல்லேன்னா உள்ளே 127.0.0.1-ல (தனக்குள்ளேர்ந்து வர்றதை) மட்டும் கேட்கும். 0.0.0.0-ல (எல்லா முகவரியிலயும்) கேட்கணும்.

மைஎஸ்க்யூஎல் போர்ட் 3306 வெளியே தெரியுதான்னும் பாருங்க. டாக்கர் திறந்த போர்ட்டை யூஎஃப்டபிள்யூ ஃபயர்வால் தடுக்காது. இன்டர்நெட்லேர்ந்து அணுக முடியாதபடி டிக் போட்டா போதும்.

வெண்ணாறு:
போதாது அண்ணே. டிக் போட்டா போர்ட் 127.0.0.1-ல மட்டும் நிக்கும். நோட் 172.17.0.1 (கன்டெய்னர்கள் பக்கம் சர்வரோட முகவரி) வழியா வந்தா அதுக்கும் கதவடைப்புதான். ரெண்டையும் ஒரே கம்போஸ் ஸ்டாக்கா (ஒரே கோப்புல எழுதி சேர்த்து ஓட்டுற கன்டெய்னர் தொகுப்பு) போடுங்க. சர்வீஸ் பேரே ஹோஸ்ட் பேர், 3306-ஐ வெளியே காட்டவே வேண்டாம்.

மன்னை_நிரல்:
பழைய ஃபோல்டர் கிடைத்தது, டேபிள்கள் வந்துவிட்டன. ஸ்டாக் வேலை கடை மூடிய பிறகு. டேட்டாபேஸுக்கு மெமரி வரம்பு எவ்வளவு வைக்கலாம்?

குடந்தை_சர்வர்:
1 ஜிபி வைங்க. பஃபர் பூல் (மைஎஸ்க்யூஎல் டேட்டாவை மெமரில வச்சுக்கிற இடம்) இயல்பா 128 எம்பிதான். ரொம்ப இறுக்கினா லினக்ஸ் கர்னல் டேட்டாபேஸைக் கொன்னுடும், எக்ஸிட் கோட் 137-னு காட்டும்.