கலைச்சொல் உதவி: ஸ்டீயரிங் காலம் – தண்டா, தூணா, காம்பா?

அன்புள்ள குழுவினருக்கு,

பழைய கார்களில் வேறு நிறுவனம் தயாரித்த ஸ்டீயரிங் பொருத்தும் கையேட்டைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஸ்டீயரிங் சக்கரத்தைத் தாங்கி, அதன் திருப்பத்தைக் கீழே கொண்டுபோகும் உறுப்பை (steering column) 'ஸ்டீயரிங் காலம்' என்று எழுதினால் நேரம் என்று படிக்கிறார்கள். 'சுக்கான் தண்டு' என்று மாற்றினேன். ஆனால் வெளிக்குழாய், அதனுள் சுழலும் தண்டு, இரண்டும் சேர்ந்த முழு உறுப்பு என மூன்று இருக்கின்றன. "தண்டை அளந்து வெட்டுக" என்றால் எதை வெட்டுவார்? உதவுங்கள்.

---

> சுக்கான் தண்டு

கப்பலைத் திருப்பும் சுக்கான் அரபுச் சொல் அம்மா. 'திருப்புதண்டு' என்க. வினைத்தொகை, ஊறுகாய், சுடுகாடு போல ஒற்று மிகாது. கடல் வழக்கே வேண்டுமென்றால் அகநானூறு 255-இல் நீகான் இருக்கிறான், மாடத்து விளக்கைப் பார்த்துக் கலம் செலுத்துபவன். 'நீகான்கோல்' எனலாம். பொற்குடம் போல 'நீகாற்கோல்' என்று திரிக்க வேண்டாம். உயர்திணைப் பெயர், வலி வந்தால் இயல்பாகும்.

---

ஐயா, நீகான் அழகு. ஆனால் இதைப் படிப்பவர் டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து கிடக்கிறார், ஒரு கையில் டார்ச், மறு கையில் ஸ்பேனர். பழைய கார்கள் பலவற்றில் ஸ்டீயரிங் சக்கரத்திலிருந்து முன்னே உள்ள ஸ்டீயரிங் பெட்டி வரை ஒரே இரும்புத் தண்டுதான். நேருக்கு நேர் மோதினால் அது ஓட்டுநரின் நெஞ்சுக்கு வரும். 1968 முதல் அமெரிக்க விதிகள் அதைத் தடுத்தன. அதன்பின் வந்தவை மோதலில் உள்வாங்கும். சிலவற்றில் குழாயையும் தண்டையும் பிடித்திருப்பவை சிறு பிளாஸ்டிக் முளைகள். பொருத்தும்போது சுத்தியலால் தட்டினாலே முறியும். "எதைத் தட்டக் கூடாது" என்பது ஒரே வாசிப்பில் விளங்க வேண்டும். சுக்கான் நானூறு ஊர் சுற்றி வந்தாலும் நம் சொல்லாகிவிட்டது. முழு உறுப்புக்கு 'சுக்கான்தூண்'. உள்ளே இருப்பது மட்டும் தண்டு.

---

தூண் நிமிர்ந்து நின்று கூரையைத் தாங்குவது. இதுவோ சாய்ந்து, டேஷ்போர்டிலிருந்து தொங்குவது. 'சுக்கான்காம்பு' என்பேன். பூவுக்குக் காம்பு, குடைக்குக் காம்பு, சக்கரத்துக்கும் காம்பு. சங்கத் தமிழில் காம்பு என்றால் மூங்கில், உள்ளே வெற்றிடம். குழாய்க்குள் தண்டு ஓடும் உறுப்புக்கு இதைவிடப் பொருந்தும் சொல் கிடைக்காது.

---

பொருத்தம்தான். பட்டறை இரைச்சலில் காம்பும் கம்பியும் ஒன்றாகக் கேட்கும். அதுதான் என் தயக்கம்.

---

எல்லோருக்கும் நன்றி. இனி யோசிக்க நேரம் இல்லை. சுக்கான்தூண், வெளிக்குழாய், உள்தண்டு என்று போடுகிறேன். தண்டுகளைக் கோணத்தில் இணைக்கும் யுனிவர்சல் ஜாயின்ட் 'மூட்டு'. மூன்று மூட்டு வந்தால் இடையில் தண்டைப் பிடிக்கும் பேரிங் 'தாங்கி'.

---

உள் + தண்டு = உட்டண்டு. அதை விட்டாலும் விடுகிறேன், தூணுக்கு நான் உடன்படவில்லை. மூன்றாம் மூட்டுக்குத் தாங்கி என்று எழுதிவிட்டீர்கள். தாங்குவது தாங்கியா தூணா என்று படிப்பவர் கேட்பார். அடுத்த பதிப்புக்குக் காம்பைக் குறித்து வையுங்கள் அம்மா.