ஆறு மோதல் நடத்தினால் ஃபைட்டர் பிழைத்துவிடுவாரா?

இரும்புக்கேடயம்: டி அண்ட் டி என்ற பகடைக் கதையாட்டத்தின் ஐந்தாம் பதிப்பில், மந்திரம் போடும் விசார்டுக்கும் வாள் வீசும் ஃபைட்டருக்கும் ஏற்றத்தாழ்வே இல்லை என்றும், ஒரு நாளில் ஆறு முதல் எட்டு மோதல்களை நடத்தத் தெரியாத சோம்பேறி டி.எம்.களே (ஆட்டத்தை நடத்துபவர்களே) அந்தக் குறையை உண்டாக்குகிறார்கள் என்றும் பகடைப்பித்தன் நேற்று எழுதியிருக்கிறார். வார இறுதியில் நான்கு பேரைக் கூட்டி உட்காரவைப்பதற்குள் நாக்குத் தள்ளிவிடுகிறது. இதில் சோம்பேறிப் பட்டம் வேறு. எட்டு மோதல்களை எந்த மேசையில் நடத்தினீர்கள் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

பகடைப்பித்தன்: எட்டையும் ஒரே அமர்வில் முடிக்கச் சொல்லவில்லை; கதைக்குள் கழியும் ஒரு நாள் மூன்று அமர்வுகளுக்குக்கூட நீளலாம். 5ஆம் நிலை விசார்டிடம் மூன்றாம் நிலை மந்திரத்துக்கான ஸ்லாட் (மந்திரம் போடும் வாய்ப்பு) இரண்டுதான். முதல் சண்டையிலேயே ஃபயர்பால் என்ற தீப்பந்து மந்திரத்தை இரண்டு முறையும் வீசித் தீர்த்தவர், பிற்பகலில் ஃபைட்டரின் முதுகுக்குப் பின்னால்தான் ஒளிய வேண்டும். ஃபைட்டருக்கோ ஒவ்வொரு ஷார்ட் ரெஸ்டுக்குப் (சிறு ஓய்வுக்குப்) பிறகும் ஆக்‌ஷன் சர்ஜ் (ஒரே முறையில் கூடுதலாக ஒரு செயல்) திரும்பிவிடுகிறது. 2014 டி.எம். நூலில் அச்சிட்டிருப்பதை நடத்தாமல் விட்டுவிட்டு நூலைப் பழிப்பது, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான்.

இரும்புக்கேடயம்: அந்த நூலில் இருப்பது, ஒரு குழுவால் நாளொன்றுக்கு ஆறு முதல் எட்டு நடுத்தர அல்லது கடின மோதல்களைத் தாங்க முடியும் என்பதுதான், நடத்தியே தீர வேண்டும் என்ற கட்டளை அதில் எங்கே இருக்கிறது? அது போகட்டும், கணக்குக்கு வருவோம். ஃபயர்பாலுக்கு 8 ஆறுமுகப் பகடைகள், சராசரிச் சேதம் 28. 20 அடி ஆரத்துக்குள் நிற்கும் அத்தனை பேருக்கும் அது விழும், தப்பித்தவருக்கும் பாதி விழும். அதே நிலையில் 18 வலிமையுள்ள ஃபைட்டர் கிரேட்ஸ்வோர்ட் என்ற பெருவாளால் இரண்டு வெட்டு வெட்டி, இரண்டும் பட்டால், ஒரே ஆளுக்கு 22. செலவான ஸ்லாட்டை மீட்டுத் தரும் ஆர்கேன் ரெகவரியால் விசார்டுக்கு மூன்றாவது ஃபயர்பாலும் கிடைக்கும் என்பதை நீங்கள் வசதியாக மறந்துவிட்டீர்கள். எட்டு மோதல்களில் முன்வரிசையில் நின்று அடிவாங்குபவர் யார்? ஸ்லாட் தீர்வதற்கு முன்பே ஃபைட்டரின் ஹிட் டைஸ் (ஓய்வில் காயம் ஆற்றும் பகடைகள்) தீர்ந்துவிடும்.

பழையமேசை: 1978 பதிப்பில் இந்தத் தகராறே எழவில்லை. மேஜிக்-யூசரின் (அன்றைய விசார்டின்) உயிருக்கு நான்குமுகப் பகடை, ஃபைட்டருக்குப் பத்துமுகப் பகடை. முதல் நிலையில் நாளுக்கு ஒரே மந்திரம். அதையும் சொல்லி முடிப்பதற்குள் அடிபட்டால் மந்திரம் வீண். இப்போது எல்லாருக்கும் எல்லாம் சொகுசாக வேண்டியிருக்கிறது.

மழைக்காகம்: 2008இல் வந்த நான்காம் பதிப்பு ஃபைட்டருக்கும் தினசரி ஆற்றல்களைக் கொடுத்து இதைத் தீர்த்துவைத்தது. ‘எல்லாப் பாத்திர வகுப்பும் ஒரே மாதிரி இருக்கிறது’ என்று அன்று ஒப்பாரி வைத்தவர்களில் பழையமேசை ஐயாவும் ஒருவர் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

பழையமேசை: நான் ஒப்பாரி வைக்கவில்லை, விமர்சித்தேன். இரண்டுக்கும் வேறுபாடு தெரியாதவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

பகடைப்பித்தன்: நான்காம் பதிப்புக்கு வேறு இழை தொடங்கிக்கொள்ளுங்கள். ஆறு மோதல்களை நடத்திப் பாருங்கள் என்பதே என் வாதம். அதற்கு இன்னும் மறுமொழி வரவில்லை.

இரும்புக்கேடயம்: வந்துவிட்டது, நீங்கள்தான் படிக்கவில்லை. மூன்றாவது மோதல் முடிந்ததும் விசார்ட் பதினொரு நிமிடச் சடங்காக, ஒரு ஸ்லாட்டும் செலவழிக்காமல், டைனி ஹட் என்ற மந்திரக் குடிலை எழுப்பி எட்டு மணி நேரம் உள்ளே படுத்துவிடுகிறார். நாள் எப்போது முடியும் என்பதை முடிவு செய்பவரே அவர்தான். கதவைத் திறப்பதற்கும் பறப்பதற்கும் மறைவதற்கும் மந்திரம் வைத்திருப்பவர் அவர். ஃபைட்டருக்கு மிஞ்சுவது தோள்வலி. 2024 டி.எம். நூலில் உங்கள் ஆறு-எட்டுக் கணக்கே இல்லை.

பகடைப்பித்தன்: 24 மணி நேரத்தில் ஒரு லாங் ரெஸ்டின் (ஸ்லாட்டுகளைத் திரும்பத் தரும் நீண்ட ஓய்வின்) பலன்தான் கிடைக்கும் என்ற விதி உங்கள் பிரதியில் கிழிந்துபோயிற்றா? உள்ளே உறங்குபவர்களுக்காக எதிரிகள் குடிலைச் சுற்றிப் பதுங்கியிருக்க மாட்டார்களா? நான் பேசுவது 2014 விதிகளைப் பற்றி, 2024ஐ இங்கே இழுக்காதீர்கள்.

மழைக்காகம்: ஒவ்வோர் இரவும் எதிரிகள் குடிலைச் சூழ்ந்தால்தான் சமநிலை வரும் என்றால், அது விதியின் சாதனையா, டி.எம். படும் பாடா?

இரும்புக்கேடயம்: அதைத்தான் முதலிலிருந்து தொண்டை வறளக் கத்திக்கொண்டிருக்கிறேன்.

பகடைப்பித்தன்: கத்துவது வாதமாகாது. சனிக்கிழமை இரவு என் இணைய மேசைக்கு வாருங்கள், ஆறு மோதல்களையும் நடத்திக் காட்டுகிறேன்.

இரும்புக்கேடயம்: கட்டாயம் வருகிறேன். விசார்டாக வருவேன்.

பகடைப்பித்தன்: விசார்ட், கிளெரிக், டுருயிட் இடங்களுக்கு ஏற்கெனவே ஆள் வந்துவிட்டது. ஃபைட்டர் இடம் மட்டுமே காலியாக உள்ளது.